காலையில் காலியாகும் ஊர், காலையில் நிரம்பும் ஊர்

எங்கள் ஊர் தொரப்பள்ளி என்று சொன்னதும் கல்லூரியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "ராஜாஜி ஊரா?" ஆமாங்க, அதே ஊர்தான். 1878 டிசம்பர் 10-ஆம் தேதி அவர் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது இல்லை. அவரை நம்பி உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும். நடுவில் ஒரு இடத்தில் வருவார், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

விஷயம் இப்படி ஆரம்பித்தது. போன வாரம் வகுப்பில் தொழில் சூழல் பாடம் எடுத்த சார், பேச்சுவாக்கில் "ஓசூர் எல்லாம் பெங்களூருக்கு ஒரு படுக்கையறை மாதிரி" என்று சொல்லிவிட்டார். கடைசி பெஞ்சில் இருந்து ஒருத்தன் எழுந்து, "சார், எங்கப்பா பெங்களூர்ல இருந்து தினமும் ஓசூருக்கு வேலைக்கு வர்றார். அப்ப பெங்களூர்தானே ஓசூருக்குப் படுக்கையறை?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் அது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஏனென்றால் இரண்டு பேர் சொன்னதும் சரி. காலை 7 மணிக்கு ஜூஜூவாடி எல்லையில் நின்று பாருங்கள். பெங்களூர் பக்கம் இருந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக சிப்காட்டுக்குள் நுழையும். எதிர்ப்பக்கம் ஓசூரில் இருந்து அதே அளவு கூட்டம் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். இந்த பஸ்ஸில் தூங்குகிறவரும் அந்த பஸ்ஸில் தூங்குகிறவரும் அத்திப்பள்ளி சிக்னலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவர் வீட்டை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் பயணமே மிச்சம். ஆனால் அப்படி நடக்காது. ஏன் நடக்காது என்று தேடிப் பார்த்தபோது கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஓசூர் என்பது கன்னடத்து 'ஹொச ஊரு'. அதாவது புது ஊர், நம் தமிழில் புதூர். அதற்கு முன்னால் கல்வெட்டுகளில் இருந்த பெயர் செவிடபாடி. பிறகு அரசாங்கம் இந்தப் புது ஊரைத் திட்டமிட்டு வளர்க்க ஒரு அமைப்பு வைத்தது. அதன் பெயர் ஓசூர் புதுநகர் வளர்ச்சிக் குழுமம். மொழிபெயர்த்தால் புதூர் புதுநகர்! நடு சென்டர் மாதிரி. ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு உண்மை இருக்கிறது. இந்த ஊரை யாராவது ஒருவர் வந்து புதிதாகக் கட்ட நினைப்பதும், ஊர் வேறு மாதிரி வளர்ந்து நிற்பதும் இங்கே பழைய கதை.

வெள்ளைக்காரன் காலத்திலேயே இது நடந்திருக்கிறது. குளிர் பிடித்துப்போய், பக்கத்தில் பெங்களூர் கண்டோன்மென்ட்டும் இருந்ததால், சேலம் மாவட்டத்து அதிகாரிகளுக்கு ஓசூர் என்றால் கொள்ளைப் பிரியம். 1824-இல் மத்திகிரியில் ராணுவக் குதிரைகளுக்காக ஒரு பண்ணை வைத்தார்கள். அதுதான் இன்றைய கால்நடைப் பண்ணை. பிரெட் என்ற அதிகாரி இன்னும் ஒரு படி மேலே போய், இங்கிலாந்தில் இருக்கும் கெனில்வொர்த் கோட்டை மாதிரியே ஒன்றை ஓசூரில் கட்டினார். இப்போது அது இடிபாடு.

இனி ராஜாஜி. அவர் அப்பா தொரப்பள்ளியில் முன்சீப். மகனுக்கு ஐந்து வயது ஆனபோது குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர்ந்தது. ஓசூர் பள்ளியில் படித்து, அங்கிருந்து பெங்களூர் போய், 1894-இல் சென்ட்ரல் காலேஜில் பட்டம் வாங்கினார். தொரப்பள்ளி, ஓசூர், பெங்களூர். இதே வரிசையில்தான் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போகிறோம். ஒரே வித்தியாசம், அவர் போய்த் தங்கிவிட்டார், நாங்கள் ராத்திரி திரும்பி வருகிறோம். இதைச் சொன்னால் என் அக்கா, "அவருக்கு 6.10 பஸ் இல்ல, அதான் தங்கிட்டார்" என்பாள்.

அக்காவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இப்போது ஒரு ஆளை அறிமுகப்படுத்த வேண்டும்.

எபனேசர் ஹோவர்ட். லண்டன் பாராளுமன்றத்தில் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தவர். இன்ஜினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் இல்லை. (சுருக்கெழுத்து படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கும் நண்பர்கள் கவனிக்கவும்.) லண்டனின் நெரிசலையும் புகையையும் பார்த்து வெறுத்துப்போய் 1898-இல் ஒரு புத்தகம் எழுதினார். நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே, 32,000 பேர் மட்டும் வாழும் தோட்ட நகரங்கள் கட்ட வேண்டும். வேலை, வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் நடந்து போகும் தூரத்தில். யாரும் லண்டனுக்கு ஓட வேண்டாம். இதுதான் அவர் கனவு. 1903-இல் லெட்ச்வொர்த், 1920-இல் வெல்வின் என்று இரண்டு ஊர்கள் அவர் இருக்கும்போதே எழும்பின.

வணிகவியல் மாணவனாக எனக்கு இதில் பிடித்தது பூங்கா இல்லை, கணக்கு. நிலத்தை விவசாய விலைக்கு ஒரு கம்பெனி வாங்கும். ஊர் வளர வளர நில மதிப்பு ஏறும். அந்த ஏற்றம் புரோக்கருக்கோ தனி முதலாளிக்கோ போகக்கூடாது, ஊருக்கே திரும்ப வர வேண்டும். அதனால் பங்குதாரர்களுக்கு லாப ஈவு 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று வரம்பு வைத்தார்கள். மீதி ஊர் வளர்ச்சிக்கு. இன்றைக்கு ஓசூரில் சென்ட் விலை கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த 5 சதவீதம் எவ்வளவு பெரிய கற்பனை என்று புரியும்.

ஆனால் ஹோவர்ட் ஊருக்கும் கடைசியில் என்ன ஆயிற்று? ரயில் இருந்தது, லண்டனில் சம்பளம் அதிகம் இருந்தது. ஜனங்கள் தோட்ட நகரத்தில் தூங்கிவிட்டு லண்டனுக்கு வேலைக்குப் போனார்கள். யாரும் ஓடக்கூடாது என்று கட்டின ஊர், ஓடுகிறவர்களின் ஊர் ஆனது.

இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் நவி மும்பை. 1960-களின் நடுவில் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் மூன்று பேரும் பம்பாய்க்கு எதிர்க்கரையில் புது நகரம் வேண்டும் என்று யோசனை சொன்னார்கள். 1970-இல் சிட்கோ என்ற அரசு நிறுவனம் வந்தது. தலைமைச் செயலகத்தையே அங்கே மாற்ற வேண்டும் என்பது யோசனையின் உயிர். செயலகம் மாறவே இல்லை. பம்பாயிலேயே நின்றுவிட்டது. 1973-இல் வாஷி பாலம் வந்தது, 1992-இல் ரயில் வந்தது, ஜனங்கள் பாலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். நிலம் கொடுத்த விவசாயிகளோ 1984 ஜனவரியில் ஜாசையில் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிர் போன பிறகுதான், எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தை மனையாகத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. நம் பக்கத்தில் சென்னைக்குத் தெற்கே மறைமலை நகரும் அதே ஆசையில் கட்டின புது நகரம்தான். அங்கே பெரிய முதலாளியாக வந்த ஃபோர்டு தொழிற்சாலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது, ஒரே கம்பெனியை நம்பின ஊர் எப்படி இருக்கும் என்று எல்லோரும் பார்த்தோம்.

நவி மும்பைக்கும் ஓசூருக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு என்பது எனக்கே புதுசு. சிட்கோவில் அந்த நகரத் திட்டத்தில் வேலை பார்த்த டாடா அதிகாரி செர்க்ஸஸ் தேசாய். அவர்தான் பிற்பாடு டைட்டன் கம்பெனியின் முதல் நிர்வாக இயக்குநர். 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த அந்தக் கம்பெனி ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலை வைத்தது. மத்திகிரி பக்கம் ஊழியர்களுக்குக் குடியிருப்பு கட்டும்போது தேசாய் கூப்பிட்டது தன் பழைய நண்பரை. ஆமாம், சார்லஸ் கொரியாவையேதான். உலகமே கொண்டாடும் ஆர்க்கிடெக்ட் போட்ட தெருக்கள் எங்கள் ஊரில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கின்றன. ஓசூரில் யாரிடமாவது கேட்டால் "டைட்டன் டவுன்ஷிப்பா? லெப்ட்ல போங்க" என்பதோடு சரி.

சரி, ஓசூர் எப்படி ஓசூர் ஆனது? இங்கேதான் எனக்கு நிஜமான சுவாரஸ்யம்.

1965-இல் சேலம் மாவட்டத்தைப் பிரித்து தருமபுரி மாவட்டம் உண்டாக்கினார்கள். ஓசூர் தருமபுரிக்குப் போனது. (கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல்தான் வந்தது.) தருமபுரி மழை குறைந்த, வேலை இல்லாத, பின்தங்கிய மாவட்டம். 1970-களில் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களில் தொழிற்சாலை வைத்தால் சலுகை என்று அறிவித்தது. வருமான வரிச் சட்டத்தில் 80ஹெச்ஹெச் என்று ஒரு பிரிவே இருந்தது. பின்தங்கிய பகுதியில் தொடங்கிய தொழிலுக்கு லாபத்தில் 20 சதவீதத்தை பத்து வருஷத்துக்குக் கழித்துக்கொள்ளலாம். 1990 மார்ச் முடிவதற்குள் தொடங்கிய ஆலைகளுக்கு இது பொருந்தும். அந்தப் பட்டியலில் தருமபுரி மாவட்டமும் உண்டு.

இப்போது மேப்பை எடுங்கள். மாவட்டம் பின்தங்கியது, அதனால் சலுகை உண்டு. ஆனால் அந்த மாவட்டத்தின் மேல் மூலையில் இருக்கும் ஓசூரில் இருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். விமான நிலையம், இன்ஜினியர்கள், நல்ல பள்ளிகள், கிளப்புகள் எல்லாம் கர்நாடகத்தில். மானியம் தமிழ்நாட்டில். எந்தக் கம்பெனி விடும்? 1971-இல் உருவான சிப்காட் இங்கே ஆயிரம் ஏக்கருக்கு மேல் தொழிற்பேட்டை போட்டது. 1980-இல் அசோக் லேலண்ட் வந்தது. அதே வருஷம் சுந்தரம் கிளேட்டன் ஓசூரில் செய்த டிவிஎஸ் 50 ரோட்டில் இறங்கியது. எங்கள் தாத்தா வாழ்நாளில் வாங்கின ஒரே வண்டி அது. அப்புறம் டைட்டன். இவர்களைச் சுற்றி நட்டு, போல்ட்டு, கியர், காஸ்டிங் செய்யும் நூற்றுக்கணக்கான சின்ன யூனிட்டுகள்.

உண்மையில் உள்ளே தள்ளி இருக்கும் பென்னாகரமோ அரூரோதான் பின்தங்கிய ஊர்கள். சலுகை அவர்கள் பெயரில் வந்தது, தொழிற்சாலை எல்லையில் நின்றது. தருமபுரி இளைஞன் வேலைக்கு ஓசூருக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கினான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஓசூர் இல்லாவிட்டால் என் அப்பாவுக்கு வேலை இல்லை, நான் இல்லை. ஆனால் ஓசூர் யாருக்காகத் திட்டமிட்ட ஊர் என்று கேட்டால், முதல் பதில் மனிதர்கள் இல்லை, இயந்திரங்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆலைக்கு மனை அளந்து கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், கரண்ட் கொடுத்தார்கள். மேனேஜர் குடும்பம் பெங்களூரிலேயே இருக்கட்டும், பஸ் விடலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த பஸ்தான் இன்றைக்கும் ஜூஜூவாடியில் காலை ஏழு மணிக்கு வருகிறது.

தொழிலாளிக்கு வீடு? அது வீட்டுவசதி வாரியத்தின் வேலை ஆனது. ஓசூரில் ஆட்டோவில் ஏறினால் இந்தப் பெயர்கள் கேட்கலாம்: அவலப்பள்ளி ஹட்கோ, பழைய ஏஎஸ்டிசி ஹட்கோ, புதிய ஏஎஸ்டிசி ஹட்கோ. ஹட்கோ என்பது என்ன தெரியுமா? டெல்லியில் 1970-இல் தொடங்கிய மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம். ஊருக்குக் கடன் கொடுத்தவன் பெயரே ஊர்ப் பெயராகிவிட்டது! காந்தி நகர், நேரு நகர் கேள்விப்பட்டிருக்கிறோம். பேங்க் பெயரில் தெரு வைத்த ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். என் பெரிய மாமா வீடு அங்கேதான். சின்ன வயதில் நான் "மாமா ஹட்கோல இருக்கார்" என்று சொல்லும்போது ஹட்கோ ஏதோ ஒரு சாமி பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஹட்கோ வாழ்க்கையை நான் நன்றாகவே பார்த்திருக்கிறேன். பத்தாவது வரை லீவு நாளெல்லாம் அங்கேதான். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருக்கும். ஒரே மாதிரி என்றால் கட்டும்போது. மூன்று வருஷத்தில் ஒருத்தர் முன்னால் கடை எடுப்பார், ஒருத்தர் மேலே ஷீட் போட்டு வாடகைக்கு விடுவார், ஒருத்தர் துளசி மாடம் கட்டுவார். தெருவுக்குள் யார் வீடு எது என்று கண்டுபிடிக்க ஷிப்ட் தெரிந்தால் போதும். ஏ ஷிப்ட் வீட்டில் காலை 5 மணிக்கு லைட். சி ஷிப்ட் வீட்டில் பகல் 11 மணிக்கு "சத்தம் போடாதீங்கடா, மாமா தூங்கறார்". நாங்கள் கிரிக்கெட் விளையாடினதே ஷிப்ட் அட்டவணை பார்த்துத்தான். ஒரு வீட்டில் திருநெல்வேலித் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், மாடியில் மலையாளம். எங்கள் வீட்டிலும் பேசுவது தெலுங்கு, படித்தது தமிழ், பஸ்ஸில் சில்லறை கேட்பது கன்னடம். பாட்டியை நாங்கள் அவ்வா என்போம். யாருக்கும் இது விசித்திரமாகத் தெரியாது. எல்லோருமே வெளியூர் என்பதால் யாருமே வெளியூர் இல்லை. ஆனால் ஒன்று, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தெருவே காலி. நாய்கள் மட்டும் இருக்கும். எல்லோருக்கும் 'ஊர்' வேறு எங்கேயோ இருந்தது. அங்கேயே பிறந்த என் மாமா பையன் மட்டும் "நம்ம ஊர் எதுப்பா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பான். மாமா ஒவ்வொரு தடவையும் தொரப்பள்ளி என்பார். அவன் தொரப்பள்ளியில் தொடர்ந்து ஒரு வாரம்கூட இருந்ததில்லை.

இது ஒரு பக்கம் இருக்க, எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு திட்டம் நடந்தது. 1978-இல் கர்நாடகத்தின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர்.கே. பாலிகா என்பவர் முயற்சியில், ஓசூர் ரோட்டில் 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டி ஆரம்பித்தது. முதலில் டப்பா மாதிரி கிடந்த இடம். 1990-களில் இன்போசிஸ் முதலானவர்கள் வந்த பிறகு தலையெழுத்து மாறியது. பெங்களூர் மையத்தில் இருந்து அங்கே போவதும் ஓசூரில் இருந்து போவதும் கிட்டத்தட்ட ஒரே தூரம், 20 கிலோமீட்டர். ஆனால் வாடகை? 2010-இல் சில்க் போர்டில் இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலச் சாலை வந்தது. ஓசூரில் அபார்ட்மென்ட் விளம்பரங்களும் வந்தன. 2001-இல் 84,394 ஆக இருந்த நகராட்சி மக்கள் தொகை 2011-இல் 1,16,821 ஆனது. 2019-இல் அக்கம்பக்கத்து ஊர்களையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மாநகராட்சி ஆகிவிட்டது.

இனி அக்கா. அவள் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறாள். கம்பெனி பெயர் வேண்டாம். தொரப்பள்ளியில் இருந்து ஓசூர், ஓசூரில் இருந்து அத்திப்பள்ளி தாண்டி சந்தாபுரம், பொம்மசந்திரா, அப்புறம் வேலை. காத்திருப்பது எல்லாம் சேர்த்து போக 2 மணி நேரம், வர 2 மணி நேரம். ஒரு நாள் ராத்திரி அவளும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதம் 25 நாள், 100 மணி நேரம் பயணம். அங்கேயே பிஜி எடுத்தால் சாப்பாட்டோடு 8,500 ரூபாய். பஸ் செலவு 3,500. ஆக வீட்டில் இருந்து போனால் மிச்சம் 5,000. நூறு மணி நேரத்துக்கு 5,000 என்றால் மணிக்கு 50 ரூபாய். வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று படித்தேன், அது என்னவென்று அன்றைக்குத்தான் புரிந்தது. அக்கா கொஞ்ச நேரம் அந்த 50-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "அம்மா சாப்பாட்டை இதுல சேர்க்கலியே" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

எல்லை என்றால் ஒரு கோடு என்று நினைக்கிறோம். அக்காவுடன் ஒரு நாள் போய்வந்தால் அது எத்தனை கோடு என்று தெரியும். தமிழ்நாட்டில் 2021-இல் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பக்கம் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தது, ஆனால் கர்நாடக முகவரி இருக்கும் பெண்களுக்கு மட்டும். அதனால் அக்கா இந்தப் பக்கம் இலவசம், அந்தப் பக்கம் டிக்கெட். ரோமிங் கட்டணம் இருந்த காலத்தில் ஜூஜூவாடி தாண்டியதும் போன் கர்நாடக டவரைப் பிடித்து, "வந்துட்டேன்" என்று சொல்லவே காசு போகும் என்று அப்பா சொல்வார்.

தொழில் வரியும் அப்படித்தான். தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிடித்து, அந்தந்த உள்ளாட்சிக்குப் போகும். கர்நாடகத்தில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து மாநில அரசுக்குப் போகும். வேலை எங்கேயோ அங்கேதான் வரி. அக்கா வருஷம் 2,500 ரூபாய் கட்டுகிறாள், கர்நாடக அரசுக்கு. அவள் குடிக்கும் தண்ணீர், தெருவிளக்கு, அவள் போடும் குப்பை எல்லாம் இந்தப் பக்கம். ஓசூர் மாநகராட்சிக் கணக்கிலும் இதேதான், எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்கள் செலவுப் பக்கத்தில் மட்டும் வருகிறார்கள். சிப்காட்டுக்கு வரும் பெங்களூர்க்காரர்கள் வரவுப் பக்கம். நிகர இருப்பு என்னவென்று யாராவது ஆராய்ச்சி மாணவர் கணக்கெடுத்தால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இந்தக் கோடு சில நாள் சுவராகவும் மாறும். 2016 செப்டம்பர் 12, காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. அடுத்த நாட்களில் பஸ் எல்லையோடு நின்றது. ஜனங்கள் பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே நடந்தார்கள். நான் அப்போது சின்னப் பையன். பெரிய மாமா எல்லையில் போய் நின்று, பெங்களூரில் இருந்து நடந்து வந்த ஒரு குடும்பத்தை டிவிஎஸ் 50-இல் இரண்டு தடவையாக ஓசூர் பஸ் ஸ்டாண்டு கொண்டுபோய் விட்டது நினைவிருக்கிறது. 2020-இல் கொரோனா. இ-பாஸ் இல்லாமல் கோட்டைத் தாண்ட முடியாது. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேலை திடீரென்று வெளிநாடு மாதிரி ஆகிவிட்டது. அப்பா வேலை பார்த்த சின்ன யூனிட் அந்த வருஷம் மூடியவர்கள் திறக்கவே இல்லை. இருபது வருஷ சர்வீஸ், கடைசி மாதச் சம்பளம் பாதி. இப்போது வேறு இடத்தில் காண்ட்ராக்டில் இருக்கிறார். அக்கா வேலைக்குப் போக ஆரம்பித்ததே அதனால்தான்.

ரயிலைச் சொல்லாமல் விட்டால் என் நண்பன் ஒருத்தன் அடிப்பான், அவன் ரயில் பைத்தியம். மொரப்பூரில் இருந்து தருமபுரிக்கு 1906-இல் வந்த குறுகிய பாதை, 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஓசூருக்கு மறுபடி ரயில் வந்தது சேலம்-பெங்களூர் பாதை போட்ட 1960-களில். இன்றைக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நம்பும் அளவுக்கு அதில் வண்டிகள் இல்லை. பெங்களூர் புறநகர் ரயில் திட்டத்தில் இந்தப் பக்கம் வரும் தடம் ஹீலலிகேவோடு முடிகிறது. 2025 ஆகஸ்ட்டில் பெங்களூர் மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அங்கிருந்து ஓசூர் கூப்பிடு தூரம். நீட்டலாமா என்று ஆய்வும் நடந்தது. ஆனால் பெங்களூர் மெட்ரோ ஓடுவது தண்டவாளம் பக்கத்தில் போகும் 750 வோல்ட் மின்சாரத்தில், சென்னை மெட்ரோ ஓடுவது தலைக்கு மேல் போகும் 25,000 வோல்ட்டில். இந்த மின்சாரத்தில் ஓடும் வண்டி அந்த மின்சாரத்தில் ஓடாது. எல்லைக் கோடுகளில் ஒன்று வோல்ட்டேஜ் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கோட்டை மதிக்காமல் தினமும் பாஸ் இல்லாமல் வருவது ஒன்றே ஒன்று. தென்பெண்ணை. பெங்களூரின் கிழக்குப் பக்கத்து ஏரிகளில் சேரும் சாக்கடையையும் சோப்பு நுரையையும் வாங்கிக்கொண்டு வந்து கெலவரப்பள்ளி அணையில் கொட்டும். மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெள்ளை வெளேர் என்று நுரை ஆள் உயரத்துக்கு நிற்கும். வெளியூர் நண்பர்கள் வாட்ஸப்பில் பார்த்துவிட்டு "உங்க ஊர்ல பனியாடா?" என்று கேட்கிறார்கள். அவ்வா சின்ன வயதில் அந்த ஆற்றில் குடிதண்ணீர் எடுத்தவர். இப்போது அந்தப் பக்கம் போவதே இல்லை.

இப்போது மூன்றாவது அலை வந்திருக்கிறது. ஏத்தர் மாதிரி எலக்ட்ரிக் ஸ்கூட்டர்க்காரர்கள், டாடா எலக்ட்ரானிக்ஸ் செல்போன் பாகங்கள். ஜார்கண்டில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் வந்த பெண்கள் ஹாஸ்டலில் தங்கி, பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இந்தி கேட்காத இடம் இல்லை. அடுத்த சிப்காட்டுக்கு உத்தனப்பள்ளி பக்கம் நிலம் எடுக்கக்கூடாது என்று விவசாயிகள் 2023-இல் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களில் யாரும் ஹோவர்டின் 5 சதவீதத்தையோ நவி மும்பையின் 12.5 சதவீதத்தையோ கேட்கவில்லை. பூவும் தக்காளியும் விளைகிற நிலம், விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்டார்கள். 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அறிவித்த மறுநாளே எங்கள் ஊர் டீக்கடையில் சென்ட் விலை ஏறிவிட்டது.

ஒரு நியாயம் பேசிவிடுகிறேன். சிங்கப்பூர் மாதிரி கட்டியிருக்கலாமே என்று சுலபமாகச் சொல்லலாம். 1970-களில் கையில் காசு இல்லாத ஒரு அரசு, ஒரு வறண்ட மாவட்டத்தில் வேலை உண்டாக்க நினைத்தது, உண்டாக்கியும் காட்டியது. என் கோபம் அவர்கள் மேல் இல்லை. அதற்குப் பிறகு வந்த ஐம்பது வருஷத்தில் அங்கே வேலை பார்க்கிறவன் எங்கே தூங்குவான், எப்படி வருவான் என்று இரண்டு மாநிலமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசவில்லை என்பதுதான் என் வருத்தம். ஓசூர் மேப்பு வடக்கே ஜூஜூவாடியில் முடிகிறது, பெங்களூர் மேப்பு தெற்கே அத்திப்பள்ளியில் முடிகிறது. அக்கா தினமும் இரண்டு மேப்பையும் ஒட்டுகிறாள்.

வகுப்பில் கேட்ட அந்த நண்பனிடம் நேற்று சொன்னேன், உங்கப்பா இங்கே வீடு எடுத்தால் என்ன, ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் மிச்சமாகுமே என்று. அவன் சொன்னது: "எங்கம்மா வேலை ஜெயநகர்லடா. தங்கச்சி ஸ்கூல் அங்க. அப்பா ஒருத்தர் வந்துட்டுப் போனா மூணு பேர் அலைய வேணாம்." எங்கள் வீட்டுக் கணக்கும் அதேதான், திசை மட்டும் வேறு. ஒரு வீட்டில் ஒருத்தர் வேலை பார்த்த காலத்தில் போட்ட திட்டம் இது. இப்போது ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று திசையில் போகிறார்கள்.

வரும் ஏப்ரலில் எனக்குக் கடைசி செமஸ்டர் முடிகிறது. அக்கா ஆபீசில் புது ஆள் எடுக்கிறார்களாம், பி.காம் போதுமாம். அப்பாவுக்கு நான் சிப்காட்டிலேயே ஏதாவது கணக்கு வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. அக்கா எதுவும் சொல்லவில்லை. 6.10 பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், ஜன்னல் ஓரம், அதில் வெயில் படாது, சாய்ந்து தூங்கலாம் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள்.